மிட்டாய் அக்காவுக்குத் தொண்டை வலி

குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொன்னால் எந்தத் தாய்க்காவது முகம் வாடுமா? நம் குரல்காரிக்கு வாடியது. போன வாரம் அவளைக் காது பரிசோதனை அறை வாசலில், அந்த வாடிய முகத்தோடுதான் விட்டுவிட்டு வந்தோம்.

காதில் கோளாறு என்றால் மெஷின் வைக்கலாம், மருந்து கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது யாருடைய தப்பும் இல்லை. காது சுத்தமாக இருக்கிறதென்றால், மூன்று வயதை நெருங்கும் சிட்டு ஏன் இன்னும் அம்மாவை அம்மா என்று கூப்பிடவில்லை? பின்னால் நின்று அழைத்தால் ஏன் திரும்புவதில்லை? பெற்ற பிள்ளைக்குக் காது மந்தமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கிவிட்டாள். அந்த நினைப்பு வாரம் முழுக்க அவளைப் பிடுங்கித் தின்றது. சீ, நானும் ஒரு தாயா என்று குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இவளுக்குக் குரல்தான் பிழைப்பு. குழந்தைகள் போனில் பார்க்கிற வீடியோவில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பொம்மைப் பெண் வருவாளே, "செல்லங்களா! நான்தான் உங்க மிட்டாய் அக்கா!" என்று துள்ளிக்கொண்டு? அந்தப் பொம்மையை யாரோ வரைந்தார்கள். பேசுவது இவள். வெளியே சொல்லக்கூடாது என்பது ஸ்டுடியோவின் கண்டிப்பு. பொம்மை நிஜம் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

வேலைக்குத் திரும்பியபோது சிட்டு கைக்குழந்தை. அழுகையை நிறுத்த முடியாமல் தவித்த அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், ஒருநாள் சும்மா மிட்டாய் அக்காவைப் போட்டுக் காட்டினான். கப்சிப் என்று அடங்கியது குழந்தை. "பாத்தியா! அம்மா குரலக் கேட்டதும் எப்படி நின்னுடுச்சு!" வீடே பூரித்துப் போனது. அன்றைக்குப் பூரித்ததை நினைத்தால் இன்றைக்கு அவளுக்கும் கணவனுக்கும் மாமனாருக்கும் தலை குனிகிறது.

இன்று பேச்சுப் பயிற்சி மையத்தில் சிட்டுவை முதல்முறையாகக் காட்ட வேண்டும்.

காலையில் சாப்பாட்டு மேஜையில் போர். போன் கிடையாது என்று முடிவு. போன் இல்லாமல் வாயைத் திறப்பதில்லை என்று சிட்டுவின் முடிவு. நடுவில் மாமனார், ஒரு கையில் ஸ்பூனும் இன்னொரு கையில் கெஞ்சலுமாக.

"ரெண்டு வாய் உள்ள போகட்டுமே மா. அப்புறம் புடுங்கிக்கலாம்."

குரல்காரி வாயைத் திறக்கவில்லை. கையைப் படுக்கைவாட்டில் ஆட்டினாள். கூடாது என்று அர்த்தம். நேற்று முழுக்க ரெக்கார்டிங். அந்த மாதிரி நாட்களுக்கு மறுநாள் தொண்டைக்கு ஓய்வு கொடுப்பாள். வெந்நீர், சைகை, அவ்வளவுதான். கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் பால். மணிக்கட்டைத் தொட்டால் நேரமாகிறது. இந்த வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பாஷை அத்துப்படி. சிட்டுவுக்கும்தான்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் மாமனார். சும்மா இருக்குமா வாய்? "நம்ம வீட்டுல எல்லாமே தலைகீழ். போன் பேசும், மருமக சைகை காட்டுவா."

வழக்கமான கிண்டல்தான். வழக்கம்போல அவளும் முறைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். மைய வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அது சுருக்கென்று தைத்தது.

ஏனென்றால், காத்திருக்கும் அறைக்குள்ளிருந்து அவள் குரலே அவளை வரவேற்றது.

ஒரு போன் மட்டும் இல்லை, ஐயா. அந்தப் பெஞ்சில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று, மூலையில் ஒரு அப்பாவின் மடியில் ஒன்று. "இது என்ன?" என்றது ஒன்று. "சரியா சொன்னீங்க!" என்றது இன்னொன்று. மூன்றாவதில் மிட்டாய் அக்கா கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

குரல்காரி வாசற்படியிலேயே நின்றாள். பின்னால் வந்த மாமனாருக்கோ முகமெல்லாம் பல். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் குனிந்து, "இது யாரு குரல்னு தெரியுமாங்க உங்களுக்கு?" என்று ஆரம்பித்தே விட்டார். குரல்காரி அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். மாமனாரின் காலை மிதிக்கிற மருமகள் என்று நீங்கள் திட்டலாம். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது அதுதான்.

துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மாமனாரின் காதருகே கிசுகிசுத்தாள்: "மாமா, எனக்குத் தொண்டை வலி. பேச முடியாது. சரியா?"

"எப்பலருந்து மா?"

"இப்பலருந்து."

பேச்சுப் பயிற்சி தரும் மேடத்தின் அறையில் மேஜை இல்லை. தரையில் பாய், குட்டி நாற்காலிகள், பிளாஸ்டிக் கூடையில் பந்து, ஸ்பூன், கார், சீப்பு. மேடம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சிட்டுவின் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். அவசரமே இல்லாத மனுஷி.

"அம்மா என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல..." காற்றாக வந்தது குரல். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அடடா, சளியா? சரி, சிரமப்படாதீங்க. தாத்தா சொல்லட்டும்."

தாத்தா கூரையைப் பார்த்தார்.

மேடம் பந்தை எடுத்தார். "சிட்டு, இது என்ன?"

சிட்டு பந்தைப் பார்த்தாள். பிறகு மேடத்தின் வாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் குழப்பம் இல்லை, பயம் இல்லை. யாரோ வரப்போகிறார்கள் என்று வாசலைப் பார்ப்பது மாதிரி ஒரு காத்திருப்பு. யாரும் வரவில்லை. கடைசியில் தன் இரண்டு கையையும் சேர்த்துத் தானே தட்டிக்கொண்டாள்.

ஸ்பூன். "இது என்ன?" அதே பார்வை, அதே காத்திருப்பு, அதே கைதட்டல். கார். சீப்பு. எல்லாவற்றுக்கும் அதேதான்.

மேடம் புருவத்தைச் சுருக்கினார். "கேள்வி கேக்கறேன்னு அவளுக்கு நல்லாப் புரியுது. ஆனா தான் பேச வேண்டிய நேரத்துல அடுத்தவங்களுக்காகக் காத்துட்டு இருக்கா. அப்புறம் கை தட்டிக்கறா. இது புதுசா இருக்கே. எங்க கத்துக்கிட்டா இதை?"

எங்கே கற்றுக்கொண்டாள் என்பது அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

மிட்டாய் அக்கா கேள்வி கேட்பாள். பிறகு கொஞ்சம் இடம் விடுவாள். ஸ்டுடியோவில் அதற்கு 'மூச்சு' என்று பெயர். "இங்க ஒரு மூச்சு விட்டுடுங்க" என்பார்கள். அந்த மூச்சுக்குள் வீட்டில் இருக்கும் குழந்தை பதில் சொல்லிவிடுமாம். உடனே அக்கா, "சரியா சொன்னீங்க!" என்று கை தட்டுவாள். பந்து என்று சொன்னாலும் தட்டுவாள், பானை என்று சொன்னாலும் தட்டுவாள். வாயே திறக்காவிட்டாலும் தட்டுவாள். அவளுக்கென்ன தெரியும்?

சும்மா இருந்ததற்கு ஒரு குழந்தையை இத்தனை காலம் பாராட்டினால் அது என்ன கற்றுக்கொள்ளும்? சும்மா இருப்பதுதான் தன் பங்கு என்று கற்றுக்கொள்ளும். சிட்டு பாடத்தை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. அந்த மூச்சு, குரல்காரியின் சொந்த யோசனை. "பிள்ளைங்க பதில் சொல்ல இடம் குடுக்கலாமே சார்" என்று அவள் சொன்ன அன்று ஸ்டுடியோவே கை தட்டியது. வீட்டுக்கு வந்து பெருமையோடு சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் பெருமையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து முகத்தில் அறைந்தது.

"வீட்ல போன் பாப்பாளா தாத்தா?"

"கொஞ்சமா... சாப்பிடும்போது மட்டுங்க."

"எவ்வளவு நேரம் சாப்பிடுவா?"

மாமனார் திருதிருவென்று விழித்தார். மேடம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, காத்திருந்தார். அந்தக் காத்திருப்புத்தான் பெரியவரை உடைத்தது.

"பொய் சொல்லிட்டேங்க. நாள் பூராவும் ஓடும். இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் நானும் அவளுந்தான். வண்டி ஓட்டிக்கிட்டே இருந்தவன் நான். முன்னாடி ரோடு, பின்னாடி ஜனம். திரும்பிப் பேசக் கூடாதுன்னு போர்டே எழுதியிருக்கும். சின்னக் குழந்தைகிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலைங்க. அது அழுதா பயமா இருக்கு. போனக் குடுத்துட்டு நான் தூங்கிடுவேன்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"இதைச் சொல்றதுக்கே பெரிய மனசு வேணும் தாத்தா," என்றார் மேடம். "போன் மட்டுந்தான் காரணம்னு நான் இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னும் நாலஞ்சு தடவ பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். ஆனா பேச்சுங்கறது பந்து மாதிரி. நீங்க போடணும், அவ புடிக்கணும், திருப்பிப் போடணும். அவ 'ஊ'ன்னாலும் நீங்க அதுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் பழக்கமே இவளுக்கு இல்லாமப் போச்சு. போன்ல அவ என்ன பாப்பா? மிட்டாய் அக்காவா?"

மாமனார் மெதுவாகத் தலையாட்டினார்.

"இங்க வர்ற பாதிப் பிள்ளைங்களுக்கு அவங்கதான் அக்கா. எனக்கு அவங்க மேல கோபமெல்லாம் இல்ல. அருமையான குரல். என்ன, அவங்களுக்குக் காது இல்ல. அவ்வளவுதான்."

காது! சிட்டுவின் காதைச் சோதித்தார்களே, அப்போது நாற்காலியில் உட்கார வைத்திருக்க வேண்டியது தன்னைத்தான் என்று குரல்காரிக்குத் தோன்றியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேடம் தொடர்ந்தார். "அவங்கள நேர்ல பாத்தா ஒரு உதவி கேப்பேன். அந்த வீடியோவ எப்படிப் பண்றாங்க, எங்க நிறுத்தறாங்க, ஏன் நிறுத்தறாங்கன்னு தெரிஞ்சா, இந்தப் பிள்ளைங்களுக்கு எங்கருந்து ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ பேர்கிட்ட விசாரிச்சுட்டேன். உங்களுக்கு யாராவது தெரியுமா, அவங்க யாருன்னு?"

இதோ இருக்கிறாள், எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? சொன்னால் தன் மகளுக்கே நல்லது. பாதிப் பிள்ளைகளுக்கு நல்லது. வாய் வரைக்கும் வந்தது. கூடவே வெளியே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் முகமும் வந்தது. மூன்று போனும் வந்தது.

"தெரியாது," என்றாள், காற்றுக் குரலில்.

மாமனார் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட மனிதர், ஒளிந்துகொண்டவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"சரி, விடுங்க. வீட்ல ஒரு வேலை செய்யுங்கம்மா. ஏதாவது ஒரு பொருளைக் காட்டி, இது என்னன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க. பதிலை நீங்களே சொல்லிடாதீங்க, பாராட்டிடாதீங்க. எவ்வளவு நேரமானாலும் அவ மூஞ்சியப் பாத்துட்டு இருங்க. அவகிட்டருந்து எந்தச் சத்தம் வந்தாலும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, சாயங்காலம்னாலும் பரவாயில்ல. தொண்டை சரியானதும் நிறையப் பேசுங்க. அவளுக்கு உங்க குரல் வேணும்."

பஸ்ஸில் திரும்பும்போது சிட்டு தாத்தாவின் மடியில் தூங்கிவிட்டாள்.

"நான் கூடத்தான் அசிங்கப்பட்டேன்," என்றார் மாமனார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "சொன்னேன்ல?"

"வெக்கமா இருந்துச்சு மாமா." இப்போது முழுக் குரல் வந்தது.

"எனக்கு மட்டும் இனிச்சுதா?"

பையில் போன் அதிர்ந்தது. ஸ்டுடியோ முதலாளி.

"ஒரு நல்ல சேதி மா! புதுத் தொடர் ஒண்ணு எடுக்கறோம். இப்பத்தான் உக்கார ஆரம்பிக்கிற குழந்தைங்களுக்கு. அக்கா இல்ல, இந்தத் தடவ 'மிட்டாய் அம்மா'! யோசனை எப்படி? உங்களத் தவிர யாரும் பண்ண முடியாது. நாளைக்குக் காலைல வந்துடறீங்க, சரியா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். "சொல்றேன் சார்," என்றாள். அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

மாலையில் கூடத்தில் பாயை விரித்தாள். போன்களை எல்லாம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மாமனார் சமையலறை வாசலில், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார்.

பந்தை எடுத்தாள். "சிட்டு, இது என்ன?"

சிட்டு அவள் வாயைப் பார்த்தாள். காத்திருந்தாள். கை தட்டினாள். குரல்காரி வாயை மூடிக்கொண்டாள். தொழில் பழக்கம் லேசில் விடுமா? 'சரியா சொன்னீங்க' என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. கடித்துக்கொண்டாள். சிட்டு மறுபடி கை தட்டினாள், கொஞ்சம் அழுத்தமாக. ஒன்றும் வரவில்லை. எழுந்தாள். அம்மாவின் பின்னால் போய்ப் பார்த்தாள். பாயின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். போனைத் தேடுகிறாள். அம்மாவின் குரல் எங்கிருந்து வந்ததென்று அம்மாவிடமே தேடுகிறாள்.

"இங்கதான்டி இருக்கேன்," என்றாள் குரல்காரி.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கையில் கிரீஸ் கறையோடு லிஃப்ட் மெக்கானிக். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன சொன்னாங்க? நாள் பூரா எனக்கு வேலையே ஓடல."

பந்து கதையைச் சொன்னாள், கைதட்டலைச் சொன்னாள், மூச்சைச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்துவிட்டான். "முதல்ல போட்டுக் காட்டினது நான்தானே. என்னத்தச் சொல்றது." பிறகு நிமிர்ந்தான். "ஆனா ஒண்ணு. இதெல்லாம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? மேடத்துக்கு நீ ஒரு பெரிய உதவி. நீதான் மிட்டாய் அக்கான்னு அவங்ககிட்டச் சொல்லிட்டேல்ல?"

அவன் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. சமையலறை வாசலில் மாமனார் மூச்சுக்கூட விடவில்லை.

"சொல்லிட்டேன்," என்றாள் குரல்காரி.

கூடத்தில் சத்தமே இல்லை. கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, யாரும் அடுத்த வார்த்தை பேசவில்லை. ஸ்டுடியோவில் விடுவார்களே ஒரு மூச்சு, சரியாக அவ்வளவு நேரம்.

சிட்டு அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். இரண்டு கையையும் தட்டினாள்.

"சரியா சொன்னீங்க!"

அப்படியே மிட்டாய் அக்கா. அதே இழுப்பு, அதே துள்ளல், கடைசி எழுத்தில் அதே சிரிப்பு. இந்த வீட்டில், ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, சிட்டு பேசிய முதல் பேச்சு.

"பேசிட்டா! அப்பா, கேட்டீங்களா? பேசிட்டா!" லிஃப்ட் மெக்கானிக் குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துக்கொண்டான். கிரீஸ் கையோடு அவள் கன்னத்தைக் கிள்ளினான், சிரித்தான், அழுதான். மாமனார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

குரல்காரி பாயை விட்டு எழவில்லை. மகள் முதன்முதலாகத் தன்னைப் பாராட்டியிருக்கிறாள், எதற்காக என்பதுதான் அவளைக் கொன்றது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் வந்தா உடனே சொல்லச் சொன்னாங்கன்னு சொன்னியே, இந்தா..." அவன் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தான். மையத்தின் அட்டை பாயில்தான் கிடந்தது. அவள் கையை நீட்டித் தடுப்பதற்குள் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டான்.

மணி அடித்தது.

"ஹலோ மேடம்! சிட்டுவோட அப்பா பேசறேன். புள்ள பேசிட்டா மேடம்!"

"அட, ரொம்ப சந்தோஷம்!" மேடத்தின் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. "எல்லாத்தையும் விவரமாச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, அவங்க அம்மாவுக்குத் தொண்டை எப்படி இருக்கு?"

லிஃப்ட் மெக்கானிக் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது.

"தொண்டையா? அவளுக்குத் தொண்டைல என்ன மேடம்?"